ரீச்சர் கேட்ட நினைவட்டை

வீடு வீடாகக் கொண்டு திரிந்த என் பையை நேற்று உங்கள் மேசையில் வைத்துவிட்டேன். நீங்கள் மூன்று பேரும் அதைத் திறந்து பார்த்துச் சிரித்ததும் என் காதில் விழுந்தது. சிக்குப்பட்ட வயர்கள், பிடி உடைந்த திருப்புளி, பாதி தின்ற பிஸ்கட் பக்கற். சிரியுங்கோ, பரவாயில்லை. என்ர நாரி எலும்பு இனி ஆருடைய வீட்டு மேசைக்குக் கீழும் குனியமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. ஆகவே எங்கள் கொம்பியூட்டர் கடைக்கு வெளியே போய்ச் செய்கிற திருத்த வேலைகளில் இருந்து எனக்கு ஓய்வு. ஓய்வு பெறுகிறவன் கொஞ்சம் அலட்டினால் கேட்டுக்கொண்டிருப்பது மற்றவர்களின் கடமை.

பையைக் கிளறும்போது மெமரி காட் வைக்கிற சின்னப் பெட்டிக்குள் நீங்கள் ஒரு மட்டையைக் கண்டிருப்பீர்கள். அதில் ஒரு வயதானவர் தன் தலையைத் தானே சுட்டிக் காட்டிக்கொண்டு வாய் நிறையச் சிரிக்கிறார். "அண்ணை, இது ஆர்?" என்று உங்களில் ஒருவர் கேட்டதும் கேட்டது. அப்போது கடையில் ஆட்கள் நின்றார்கள். பதில் கொஞ்சம் நீளம். அதனால் எழுதுகிறேன்.

வேலை பழக்குவதற்காக இதை எழுதவில்லை. எந்தத் துவாரத்தில் எந்த வயர் போகும் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்கு மட்டும் ஆழமாகத் தெரிந்த பாடம் ஒன்று இருக்கிறது. அது பதறுவது. திருகோணமலையில் பதறுகிற போட்டி ஒன்று வைத்தால் முதலாம் இடம் எனக்குத்தான். பரிசு வாங்க மேடைக்குக் கூப்பிட்டால் அதற்கும் பதறி இரண்டாம் இடத்தையும் நானே எடுப்பேன். வாடிக்கைக்காரருக்கு முன்னால் அதை மறைக்க நான் கண்டுபிடித்த வழி பகிடி விட்டுச் சிரிக்கவைப்பது. கை நடுங்கத் தொடங்கினால் வாய் தானாகப் பகிடி விடும். அந்த வாயால் வந்த வினைதான் இந்தக் கதை.

ஸ்ரெல்லா ரீச்சரை உங்களுக்குத் தெரியாது. உட்துறைமுகப் பக்கம் இருக்கிறவ. பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவ. என்னைப் படிப்பிக்கிற துன்பம் அவவுக்கு வாய்க்கவில்லை என்பது இதை வாசிக்க உங்களுக்கே விளங்கும். அவவின் புருஷன் மரியநாயகம் ஐயா துறைமுகத்தில் லோஞ்ச் டிரைவராக இருந்தவர். கடலுக்குள் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிற படகுதான் லோஞ்ச். ஓய்வு பெற்ற பிறகு ஒரு சின்ன டிஜிட்டல் கமரா வாங்கினார். அதற்குப் பிறகு அந்த வீதியில் ஒரு காகம்கூட நிம்மதியாக மதிலில் குந்தியதில்லை.

இப்போது ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இதைத் தெரிந்துகொண்டுதான் நீங்கள் மிச்சத்தை வாசிக்க வேண்டும். எனக்குத்தான் அன்றைக்குத் தெரியாது.

மரியநாயகம் ஐயா இறந்துவிட்டார். ரீச்சர் என்னைக் கூப்பிட்ட கிழமை, ஞாயிற்றுக்கிழமை முப்பத்தோராம் நாள் பூசை. பூசை முடிய வந்தவர்களுக்கு எல்லாம் சின்ன மட்டை ஒன்று கொடுப்பது எங்கள் கத்தோலிக்கச் சனத்தின் வழக்கம். ஒரு பக்கம் செபம், மற்றப் பக்கம் இறந்தவரின் படமும் பெயரும். அதற்குப் பெயர் நினைவு அட்டை. அதில் போட ரீச்சர் விரும்பிய படம் உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது, அதுவும் ஐயாவின் கமராவுக்குள். கூப்பிட்ட அன்று பின்னேரத்துக்குள் படம் வந்து சேராவிட்டால் துறைமுக அடையாள அட்டையில் இருக்கிற படத்தைத்தான் போடுவோம் என்று அச்சகத்தில் சொல்லிவிட்டார்கள்.

நான் ஒரு மாதமாகக் கொழும்பில் மச்சானின் கடையைப் பார்த்துவிட்டு முதல்நாள்தான் ஊருக்கு வந்தனான். எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. ரீச்சர் ஃபோன் எடுத்தபோது சொன்னது இவ்வளவுதான்:

"தம்பி, எங்கட கொம்பியூட்டர் இவற்ற கமராவை ஆரெண்டு கேக்குது."

"கனநாள் காணாதபடியாத்தான் ரீச்சர். நான் வந்து அறிமுகப்படுத்தி வைக்கிறன்," என்றேன்.

பார்த்தீர்களா, முதல் வசனத்திலேயே தொடங்கிவிட்டேன். எங்கள் பெண்கள் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'இவர்' என்பார்கள். இவர் என்றால் அறைக்குள் இருக்கிறாரா, கடலில் இருக்கிறாரா, மேலே இருக்கிறாரா என்று அந்தச் சொல்லை வைத்துக் கண்டுபிடிக்க ஏலாது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போனேன். கதவைத் திறந்தவ ரீச்சரின் தங்கச்சி பிலோமினா அக்கா. கப்பல்துறைக் கிராமத்தில் இருந்து வந்து தமக்கையோடு தங்கியிருந்தா. விடுமுறைக்கு வந்திருக்கிறா என்று நானாகவே முடிவுகட்டினேன். முன் அறையில் ஐயாவின் படம், மாலை, விளக்கு ஒன்றும் இல்லை. எப்படி இருக்கும்? மாட்டுவதற்குப் படம் இல்லாமல்தானே என்னைக் கூப்பிட்டது.

சுவரோரமாக மேசை. அதன்மேல் பின்னல் துணி போர்த்திய பழைய கொம்பியூட்டர். அதன் முன்பக்கத் துவாரத்தில் இருந்து ஒரு வயர் கமராவுக்குப் போயிருந்தது. கமராவில் சிவப்பு லைற் பக்குவமாக எரிந்தது. கொம்பியூட்டரோ ஊமை. நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டே கேட்டேன்.

"ஐயா எங்க ரீச்சர்?"

"இவர் போயிட்டார் தம்பி."

"நல்லதாப் போச்சு. நிண்டால் முதுகுக்குப் பின்னால நிண்டு உதை அமத்து, இதை அமத்து எண்டு உயிரை எடுப்பார். இண்டைக்கு நிம்மதியா வேலை செய்யலாம்."

ரீச்சர் என்னை ஒருக்கா ஏற இறங்கப் பார்த்தா. கொழும்புப் பக்கம் துக்கம் விசாரிக்கிறது இப்படியாக்கும் என்று நினைத்ததாகப் பிறகு சொன்னா.

வயரைக் கழற்றிப் பூட்டினேன். சத்தம் இல்லை. கொம்பியூட்டரை நிறுத்திப் போட்டேன். சத்தம் இல்லை. முதல் வியர்வை கழுத்தில் இறங்கியது. வாய் தயாரானது.

"அந்தப் படம் நினைவட்டைக்குத்தான் தம்பி," என்றா ரீச்சர்.

ஆகா, தமிழ் ரீச்சர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும், மெமரி காட்டுக்குக்கூட எவ்வளவு அழகான தமிழ் என்று நான் பூரித்துப் போனேன். அந்தச் சொல் உடனே விளங்கிவிட்டதில் எனக்குப் பெருமையும் வந்தது.

"படம் நினைவட்டையிலதான் ரீச்சர் இருக்கு."

"இன்னும் இல்லைத் தம்பி. இனித்தான் போடோணும்."

பாவம், கமரா எப்படி வேலை செய்கிறது என்றே தெரியவில்லை என்று நினைத்து, அறிவாளிகள் சிரிக்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தேன்.

"எத்தினை நினைவட்டை எடுக்கிறீங்கள்?"

"இருநூறு சொல்லியிருக்கு."

"இருநூறோ! துறைமுகத்துக்கு வாற கப்பலையெல்லாம் படம் எடுத்தாலும் ஒண்டு போதும் ரீச்சர். நிறைஞ்சால் உள்ளுக்க இருக்கிறதை அழிச்சுப்போட்டுத் திரும்பப் பாவிக்கலாம்."

"அழிச்சுப்போட்டோ?"

"ஓம். எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம். இல்லாட்டிப் பழசைத் தூக்கி எறிஞ்சுபோட்டுப் புதுசு ஒண்டு எடுங்கோ. இப்ப மலிவு."

குசினிக்குள் ஏதோ சட்டி விழுந்த சத்தம் கேட்டது. பூனையாக்கும் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கொம்பியூட்டரில் ஒரு மூலையில் ஏதோ ஒரு சாதனத்தை இயக்குகிற டிரைவர் மென்பொருள் இல்லை என்று ஒரு வரி வந்தது. அது பழைய பிரிண்டர் ஒன்றைப் பற்றிய வரி, கமராவைப் பற்றியதே இல்லை. பதறுகிறவனுக்கு அதெல்லாம் தெரியாது. கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு துள்ளினேன்.

"ரீச்சர், பிரச்சினையைப் பிடிச்சிட்டன்! டிரைவர் இல்லை."

"ஓம் தம்பி." ரீச்சரின் குரல் அப்படியே இறங்கிப் போனது. "டிரைவர் இல்லாமத்தானே இவ்வளவு கரைச்சலும்."

"அதுக்கேன் கவலைப்படுறீங்கள்? கொஞ்ச நேரத்தில வேற டிரைவர் ஒண்டு பிடிச்சுப் போட்டு விடுறன். பழையதைவிட நல்லா ஓடும்."

பிலோமினா அக்கா அகப்பையோடு குசினி வாசலில் வந்து நின்றா.

"உமக்கென்ன விசரோ? அத்தான் செத்து மாசம் முடியேல்லை. ஞாயிற்றுக்கிழமை முப்பத்தோராம் நாள் பூசை. செத்த மனிசனுக்கு நினைவு அட்டை அடிக்கப் படம் கேட்டால், வேற டிரைவர் பிடிச்சுத் தாறாராம், வேற டிரைவர்!"

துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் ஊதியது, அதுவும் என்னைப் பார்த்து ஊதுகிற மாதிரி இருந்தது. நான் வந்த நேரத்தில் இருந்து சொன்ன ஒவ்வொரு வசனமும் பின்பக்கமாக நடந்து வந்து என் முன்னால் வரிசையாக நின்றது. வேற டிரைவர். தூக்கி எறியுங்கோ. அழிச்சுப்போட்டுப் பாவியுங்கோ. நிம்மதியா வேலை செய்யலாம். அந்தக் கதிரையோடு சேர்ந்து நிலத்துக்குள் போக வழி இருந்தால் போயிருப்பேன்.

"ரீச்சர்... நான்... கொழும்பில..."

"விடு பிலோ. பிள்ளைக்குத் தெரியாது," என்றா ரீச்சர். பிறகு என் பக்கம் திரும்பினா. உதடு நடுங்கியது. அழப்போறா என்று நினைத்தேன். "தெரிஞ்சுகொண்டுதான் பகிடி விடுறீங்கள் எண்டு நினைச்சன் தம்பி. என்ன துணிச்சல் எண்டும் நினைச்சன். இவர் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரிச்சிருப்பார்."

அவ அழுதுகொண்டு சிரித்தாவா, சிரித்துக்கொண்டு அழுதாவா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதற்குப் பிறகுதான் அந்தப் படத்தைப் பற்றிச் சொன்னா.

ஐயா எல்லாரையும் படம் எடுத்தார். ஐயாவை எடுத்தது ரீச்சர் மட்டும்தான். அவ எடுத்த படங்களில் ஐயாவுக்குத் தலை இருக்காது. சேட்டும் பொத்தானும் வடிவாக வந்திருக்கும், கழுத்தோடு படம் முடிந்துவிடும். கடைசியாக நிலாவெளிக் கடற்கரைக்குப் போனபோது எடுத்த ஒரே ஒரு படத்தில்தான் தலை முழுதாக வந்தது, அதுவும் சிரித்தபடி.

"அடையாள அட்டைப் படத்தைப் பாருங்கோ," என்று மேசை லாச்சியில் இருந்து எடுத்துக் காட்டினா. "கப்பலில சாமான் களவெடுத்துப் பிடிபட்டவர் மாதிரி. இதைப் போட்டால் சனம் செபிக்குமோ, பொலிசுக்குச் சொல்லுமோ?"

"நான் கமராவின்ர சின்னத் திரையை ஃபோனால படம் பிடிச்சுப் பாத்தனான்," என்றா பிலோமினா அக்கா, அகப்பையை இன்னும் இறக்காமல். "அத்தான் மீன் தொட்டிக்குள்ள நிக்கிற மாதிரி வந்துது."

"கமராவையே கொண்டுவரச் சொல்லி அச்சகத்தில சொன்னவை," என்றா ரீச்சர். "எனக்கு மனமில்லைத் தம்பி. அதுவும் வீட்டை விட்டு வெளிக்கிட்டால்..."

இப்போது நான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த இடத்தில் ஒரு நல்ல வேலைக்காரன் என்ன செய்வான்? ஒரு மிடறு தண்ணீர் குடிப்பான். இரண்டு கேள்வி கேட்பான். நான் என்ன செய்தேன்? செய்த பாவத்துக்கெல்லாம் பரிகாரமாக மின்னல் வேகத்தில் வேலை செய்யத் தொடங்கினேன். வெட்கத்தில் செய்கிற வேலை பயத்தில் செய்கிற வேலையைவிட மோசம். பயந்தவனாவது சில நேரம் நிற்பான், வெட்கப்பட்டவன் நிற்கவே மாட்டான். பூட்டினேன், கழற்றினேன், எதையோ அழித்தேன், எதையோ ஏற்றினேன். கடைசியில் கமராவில் இருந்து மெமரி காட்டைப் பிடுங்கி, பைக்குள் இருந்த என் பழைய காட் றீடரில் செருகி, அதைக் கொம்பியூட்டரில் குத்தினேன்.

டிங் என்று ஒரு சத்தம். அப்பாடா என்றேன். திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. இந்தக் காட் போமற் பண்ணப்படவில்லை, இப்போது போமற் பண்ணட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டது.

போமற் என்பது எங்கள் தொழிலில் வைத்தியம் இல்லை, வணக்கம் சொல்கிற மாதிரி. மெசின் இழுக்குதோ, போமற் அடி. வைரஸோ, போமற் அடி. என்ன வருத்தம் என்றே விளங்கவில்லையோ, கட்டாயம் போமற் அடி. ஒரு நாளில் எத்தனை தரம் அந்த 'யெஸ்', அதாவது 'ஓம்' என்ற பொத்தானை அமத்தியிருப்பேன். விரலுக்கு அந்தப் பாதை மனப்பாடம், மூளையிடம் அது அனுமதி கேட்பதில்லை. அம்புக்குறி தானாக நகர்ந்து 'ஓம்' இல் போய்க் குந்தியது. விரல் பதிந்தது. அமத்தத்தான் மிச்சம்.

"என்ன கேக்குது தம்பி?"

"போமற் பண்ணட்டோ எண்டு கேக்குது ரீச்சர்."

"தமிழில சொல்லுங்கோ."

பின்வாங்கில் நித்திரை கொள்கிறவனை எழுப்புகிற குரல் அது. என்னைப் படிப்பிக்காத ரீச்சர் என்றாலும் முதுகு நிமிர்ந்துவிட்டது. போமற்றுக்குத் தமிழ் என்ன? வாழ்நாளில் நான் அதை யோசித்ததே இல்லை.

"அது வந்து... துப்புரவாக்கட்டோ எண்டு கேக்குது."

"எதை?"

"காட்டை."

"காட்டுக்குள்ள இருக்கிறதை என்ன செய்யும்?"

"அதை... அழிக்கும் ரீச்சர்."

சொல் வாயால் வெளியே வந்த பிறகுதான் என் காதுக்குக் கேட்டது. அழிக்கும். நான் விரலைப் பார்த்தேன். அது இன்னும் பொத்தானின் மேல், பிள்ளை மாதிரி உத்தரவுக்குக் காத்துக்கொண்டிருந்தது.

"அப்ப வேண்டாமெண்டு சொல்லுங்கோ," என்றா ரீச்சர், தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம் என்கிற மாதிரி.

வேண்டாம் என்று சொன்னேன். பிறகு வலது கையைக் கொம்பியூட்டர் எலியில் இருந்து தூக்கி, தொடைக்குக் கீழே வைத்து, அதன்மேல் இருந்துகொண்டேன். நம்ப ஏலாத கையை வேறு என்ன செய்வது?

இதிலே உங்களுக்கு ஒரு விஷயம் இருக்கிறது, சிரிப்பை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டுக் கேளுங்கோ. நாங்கள் பாவிக்கிற சொல் எல்லாம் எங்கள் கைக்குப் பழகின சொல். அது மழுங்கின கத்தி மாதிரி, வெட்டுகிறது எங்களுக்குத் தெரியாது. ஒரு பொத்தானை அமத்த முதல், பொருளுக்குச் சொந்தக்காரருக்கு விளங்குகிற சொல்லில் அதை வாய்விட்டு ஒருக்காச் சொல்லுங்கோ. சொல்ல வெட்கமாக இருந்தால் அமத்தாதேங்கோ. எனக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு அதுதான்.

கையை அடக்கிய பிறகு மூளைக்குக் கொஞ்சம் இடம் கிடைத்தது. காட்டைத் திரும்பவும் கமராவில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். கமராவின் சின்னத் திரையில் படங்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. ரீச்சர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து ஒரு படத்தில் நின்றா. எனக்குக் காட்டவில்லை, நெஞ்சோடு வைத்துக்கொண்டா.

"அப்ப காட்டில பழுதில்லை ரீச்சர். பழுது என்ர றீடரில. இது பழசு. உங்கட காட் கனக்கப் படம் கொள்ளுற புதுசு, வெளிநாட்டில இருக்கிற உங்கட மகன் அனுப்பினதாக்கும். இந்த றீடருக்கு அதை வாசிக்க ஏலாது."

"வாசிக்க ஏலாட்டில் ஏலாதெண்டு சொல்லாம, அழிக்கட்டோ எண்டு கேக்கிறதோ?"

"ஓம் ரீச்சர்."

"நல்ல றீடர்," என்றா பிலோமினா அக்கா, என்னைப் பார்த்து.

வந்தவுடன் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அதற்குப் பிறகுதான் கேட்டேன். "ஐயா எப்பிடி ரீச்சர் படத்தைக் கொம்பியூட்டருக்கு எடுக்கிறவர்?"

ரீச்சர் யோசித்தா. "இவர் கமராவைக் கீழ கொண்டு போவார்."

"கீழயோ?"

"மேசைக்குக் கீழ. குனிஞ்சு ஏதோ செய்வார், டிங் எண்டு கேக்கும், நாரியைப் பிடிச்சுக்கொண்டு எழும்புவார்."

"அப்ப இந்த வயர்?"

"அது என்ர ஃபோன் சார்ஜரின்ர வயர் தம்பி. வாய் பொருந்திச்சுது, அதுதான் போட்டனான்."

இதற்கு மேல் உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. சில மலிவான சார்ஜர் வயர்கள் கரண்ட்டை மட்டும்தான் கடத்தும், படத்தைக் கடத்தாது. உள்ளே அதற்கான கம்பியே இல்லை. கமராவுக்குச் சாப்பாடு போனது, பேச்சு போகவில்லை. சிவப்பு லைற்றைப் பார்த்து ஏமாந்து, இவ்வளவு நேரமும் ஊமை வயரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

நான் மேசைக்குக் கீழே போனேன். என் வயிற்றின் அளவு உங்களுக்குத் தெரியும், ஆகவே அது ஒரு பயணம். பிலோமினா அக்கா கதிரையை இழுத்து வழிவிட்டா. இருட்டில் ரோர்ச் அடித்துப் பார்த்தேன்.

கமராவின் சொந்த வயர் அங்கேதான் இருந்தது. ஒரு முனை கொம்பியூட்டரின் பின்பக்கத்தில் பூட்டியபடி. மற்ற முனை தரையில் விழாமல், தூசி படாமல், மேசைக் காலோடு சேர்த்துக் கட்டியிருந்தது. கட்டு என்றால் சும்மா கட்டு இல்லை. ஆயுள் முழுக்க லோஞ்சைத் துறைமுகத்தில் கட்டின கை போட்ட முடிச்சு. இறுக்கமும் இல்லை, தளர்வும் இல்லை. அவிழ்க்கப் பார்த்தேன், என்னால் ஏலவில்லை. பிறகு அவிழ்க்க மனமும் வரவில்லை.

"கமராவைக் கீழ தாங்கோ ரீச்சர்."

தந்தா. மரியநாயகம் ஐயா செய்த மாதிரியே குனிந்து கிடந்து பூட்டினேன்.

டிங்.

மேலே ஒரு சத்தமும் இல்லை. நான் கீழே முதுகைச் சுவரில் முட்டிக்கொண்டு கிடந்தேன். எனக்குத் தெரிந்தது இரண்டு சோடி கால்கள்தான். ரீச்சரின் கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கின.

"வந்திட்டுதோ ரீச்சர்?" என்று கேட்டேன்.

"பழுதோ?"

ரோர்ச் அடித்து வயரைத் திரும்பவும் பார்த்தேன்.

பிறகு பிலோமினா அக்காவின் குரல் கேட்டது. "ஐயோ அத்தான்!" அதோடு ஒரு சிரிப்பு. அந்த மனிசி சிரிக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அதற்குப் பிறகு ரீச்சரும். இரண்டு பேரும் மூச்சு வாங்காமல் சிரித்தார்கள், இடையிடையே மூக்கை உறிஞ்சினார்கள், பிறகு திரும்பவும் சிரித்தார்கள். நான் வெளியே வரவில்லை. நாரி பிடித்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கோ. வீட்டு வேலைக்குப் போகிறவனுக்கு எப்போது மேசைக்குக் கீழே இருக்க வேண்டும் என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியில் கூப்பிட்டு எழுப்பிக் காட்டினார்கள். அந்தப் படத்தைத்தான் நீங்கள் பைக்குள் கண்டது. நிலாவெளிக் கடல் பின்னால், ஐயா முன்னால், வலது கை விரலால் தன் தலையைச் சுட்டிக்கொண்டு வாயைத் திறந்து சிரிக்கிறார்.

"தலை, தலை, ஸ்ரெல்லா தலை எண்டு கத்தினவர்," என்றா ரீச்சர். "இந்த முறையாவது தலையை எடு எண்டு."

பின்னேரத்துக்குள் படத்தை அச்சகத்துக்கு நானே கொண்டுபோனேன். அங்கே இருந்தவர் பார்த்துவிட்டு, கை வேண்டாம், கையை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் எடுத்தால் மரியாதையாக இருக்கும் என்றார். நான் ரீச்சருக்கு ஃபோன் எடுத்து, வெட்டுவது என்றால் என்ன என்பதைத் தமிழில் தெளிவாகச் சொன்னேன்.

"கையை வெட்டினால் இவர் ஏன் சிரிக்கிறார் எண்டு ஆருக்குத் தெரியும்?" என்றா. கை தப்பியது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நானும் போனனான். முடிய, கோவில் வாசலில் பிலோமினா அக்கா நினைவு அட்டை கொடுத்துக்கொண்டு நின்றா. வாங்கின சனம் எல்லாம் முதலில் திடுக்கிட்டு, பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்தாமலே சிரித்தது. லோஞ்சில் கூட வேலை செய்த ஒருவர் தன் தலையைத் தொட்டுக் காட்டி ரீச்சரோடு ஏதோ கதைத்தார். ரீச்சருக்கும் சிரிப்பு வந்தது.

என்னைக் கண்டதும் ரீச்சரே கிட்ட வந்தா. தங்கச்சியின் கையில் இருந்து இரண்டு அட்டையை உருவி என் கையில் வைத்தா.

"இந்தாங்கோ தம்பி, நினைவட்டை. உங்களுக்கு மட்டும் ரெண்டு."

"எனக்கேன் ரீச்சர் ரெண்டு?"

"ஒண்டு நிறைஞ்சால் அழிச்சுப்போடாதேங்கோ. மற்றதைப் பாவியுங்கோ."

பைக்குள் இருப்பது முதலாவது. இன்னும் நிறையவில்லை.